கோபுரம் பேசாது, தூக்குமரம் பேசும்!

எடின்பரோ எழில் நகரம், ஐயமில்லை. எரிமலைப் பாறையின் உச்சியில் கோட்டை. அதன் வாயிலிலிருந்து கிழக்கே சரிந்து இறங்கும் அரச வீதி. வீதியின் நடுவே மகுடம் கவிழ்த்தாற்போன்ற முடி தாங்கிய செயின்ட் ஜைல்ஸ் பேராலயம். சற்றுத் தெற்கே, குவிமாடத்தின்மீது பொன்னுருவம் ஒன்று அறிவுத் தீவட்டி ஏந்தி நிற்கும் பழங்கல்லூரி. கோட்டை, கோயில், கல்லூரி என மூன்றையும் முக்கால் மணி நேர நடையில் கண்டு முடிக்கலாம். இலட்சக்கணக்கானோர் ஆண்டுதோறும் காண்கிறார்கள். கண்டு திரும்பியவர்கள், "அடடா, மன்னர்தம் மாண்பென்ன! மதத்தின் மேன்மையென்ன! கல்வியின் சிறப்பென்ன!" என்று வாயாரப் புகழ்கிறார்கள். அவர்களை நாம் ஒன்று கேட்கிறோம்: கல்லைக் கண்டீர்கள், கல்லின்மேல் படிந்த கரியைக் கண்டீர்களா?

கோட்டைக்குள் ஒரு சிற்றறை காட்டுவார்கள். மரப்பலகை வேய்ந்த அறை. நாலு பேர் நின்றால் மூச்சு முட்டும். 1566ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள் மேரி அரசி அங்கேதான் ஆறாம் ஜேம்சை ஈன்றாள். வழிகாட்டி அத்தோடு நிறுத்திக்கொள்வார். நாம் மேலே போவோம். தவழும் பருவத்திலேயே முடிசூட்டப்பட்ட அந்தக் குழந்தை, பதினைந்து வயதில், 1582இல், எடின்பரோ நகர மன்றம் கல்லூரி நிறுவிக்கொள்ள உரிமைப் பட்டயம் வழங்கிற்று. செயின்ட் ஆண்ட்ரூசும், கிளாஸ்கோவும், அபர்டீனும் போப்பாண்டவரின் ஆணையால் எழுந்த பல்கலைக்கழகங்கள். எடின்பரோவோ நகர மன்றம் கேட்டுப் பெற்றது. அந்தப் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால், பட்டயத்தில் பெயர் பொறித்த அதே மன்னன் 1597இல் எழுதி வெளியிட்ட நூல் எது தெரியுமா? 'டெமனாலஜி'! பேய்களைப் பற்றிய நூல்! சூனியக்காரிகள் உண்டு, அவர்கள் சாத்தானோடு உடன்படிக்கை செய்துகொண்டவர்கள், அவர்களைக் கொன்றேயாக வேண்டும் என்று வாதாடும் நூல்! கல்லூரிக்குப் பட்டயமும் கொள்ளிக்கட்டைக்கு இலக்கணமும் ஒரே மன்னனிடமிருந்து பிறந்தன.

எழுதியதோடு நின்றானா? 1590இல் டென்மார்க்கிலிருந்து மணமகளோடு திரும்பியபோது மன்னனின் கப்பலைப் புயல் அலைக்கழித்தது. வடகடலில் புயல் அடிப்பது புதுமையா? மீன் பிடிக்கும் சிறுவனுக்கும் தெரிந்த செய்தி. மன்னனுக்கு மட்டும் அதற்கொரு குற்றவாளி தேவைப்பட்டாள். கிழக்கு லோதியனில் பிள்ளைப்பேறு பார்த்து, பச்சிலை மருந்து தந்து வாழ்ந்த ஆக்னஸ் சாம்ப்சன் என்ற பெண் இழுத்துவரப்பட்டாள். ஹோலிரூட் அரண்மனையில் மன்னனே முன்னின்று விசாரித்தான். மயிர் மழித்தார்கள், உறங்கவிடாமல் வதைத்தார்கள், வாயில் இரும்புக் கடிவாளம் பூட்டினார்கள். வாய் பூட்டப்பட்டவள் வாக்குமூலம் தந்தாளாம்! 1591 சனவரியில் கோட்டை வாயிலுக்கெதிரே கழுத்தை நெரித்து, உடலைக் கொளுத்தினார்கள். இன்று சுற்றுலாக்காரர்கள் நுழைவுச்சீட்டு வாங்க வரிசையில் நிற்கிறார்களே, அந்த மேட்டில்தான்!

அவள் ஒருத்தியல்லள். 1563இல் சூனியத்தைக் கொலைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய சட்டம் 1736 வரை உயிரோடிருந்தது. ஸ்காட்லாந்து முழுவதிலும் அதன் வலையில் சிக்கியவர்கள் 3,800 பேருக்குமேல் என்று எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் முடிந்த தொகுப்பில் கணக்கெடுத்தார்கள். நூற்றுக்கு எண்பத்து நான்கு பேர் பெண்கள். கொல்லப்பட்டோர் ஏறத்தாழ 2,500 என்பது மதிப்பீடு. கோட்டை மேட்டில் அவர்கள் நினைவாக 1894இல் வைத்த சிறு நீரூற்று ஒன்று சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் பலகையைப் படித்துப் பாருங்கள்: அவர்களுள் சிலர் தம் அரிய அறிவைத் தீய நோக்கத்துக்குப் பயன்படுத்தினராம்! எரித்தது போதாதென்று, இருநூறு முந்நூறு ஆண்டு கழித்து இழிசொல்லையும் பித்தளையில் வார்த்து மாட்டினார்கள். 2022 மார்ச்சு 8இல்தான் ஸ்காட்லாந்து அரசின் முதலமைச்சராக இருந்த நிக்கோலா ஸ்டர்ஜன் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு மே மாதத்தில் திருச்சபையின் பேரவையும் வருந்தியது. சாம்பல் ஆறியே எத்தனை தலைமுறை ஆயிற்று!

கோட்டையின் அடிப்பாறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உலகம் படைக்கப்பட்டது கிறித்துவுக்கு முன் 4004இல் என்று வேத நூலின் வமிசாவளியைக் கூட்டிக் கழித்துக் கணக்குச் சொன்ன காலம் அது. எடின்பரோவில் பிறந்த ஜேம்ஸ் ஹட்டன் என்பார் கணக்கை மனிதரிடம் கேட்கவில்லை, பாறையிடம் கேட்டார். கோட்டைக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள சாலிஸ்பரி பாறைச்சுவரில், உருகிய எரிகுழம்பு பழைய படிவுப் பாறையைப் பிளந்து நுழைந்த தடத்தைக் கண்டார். 1788இல் கிழக்குக் கடற்கரையில் சிக்கார் முனையில், செங்குத்தாக நிமிர்ந்த அடுக்கின்மேல் சாய்ந்து படுத்த மற்றோர் அடுக்கைக் கண்டார். ஒன்று படிந்து, இறுகி, நிமிர்ந்து, தேய்ந்து, அதன்மேல் இன்னொன்று படிய எத்தனை காலம் வேண்டும்? ஆறாயிரம் ஆண்டு அதற்கு ஒரு மூச்சு. கோட்டை நிற்கும் பாறையின் அகவை ஏறத்தாழ 35 கோடி ஆண்டு என்பது இன்றைய அறிவியல். ஹட்டன் கடவுள் மறுப்பாளரும் அல்லர். ஆனாலும் அவர் உண்மையை வளைக்கவில்லை. 1797இல் மறைந்த அவரைக் கிரேஃபிரையர்ஸ் தேவாலயத் தோட்டத்தில் புதைத்தார்கள். அவர் பெயர் பொறித்த கல் அங்கே வந்தது எப்போது? 1947இல்! அதே தோட்டத்தின் வாயிலருகே, எசமான் கல்லறையைக் காத்ததாகச் சொல்லப்படும் ஒரு நாய்க்குச் சிலை எப்போதோ எழும்பிவிட்டது.

கல்லைக் கண்டு அறிந்தவருக்கு அந்தக் கதி. கதை சுமந்த கல்லுக்கு என்ன மதிப்பு பாருங்கள்! முடிசூட்டுக் கல் என்றொரு கல். வேதத்தில் வரும் யாக்கோபு தலைவைத்துப் படுத்து, வானுலக ஏணியைக் கனவு கண்ட கல் அதுதானாம். பாலைவனம் கடந்து, எகிப்து, ஸ்பெயின், அயர்லாந்து வழியாக ஸ்காட்லாந்து வந்து சேர்ந்ததாம். 1296இல் ஆங்கிலேய மன்னன் முதலாம் எட்வர்ட் அதைக் கவர்ந்து சென்றான், 1950இல் கிறிஸ்துமஸ் நாளன்று மாணவர்கள் நால்வர் வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து அதைத் தூக்கி வந்தார்கள், மீட்டுக்கொண்டு போனார்கள், 1996இல் முறைப்படி திருப்பித் தந்தார்கள். 2024 வரை எடின்பரோ கோட்டையில் கண்ணாடிக்குள் கொலுவிருந்தது. இப்போது பெர்த் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நிலவியல் அறிஞர்கள் அதன் மணலை ஆராய்ந்து என்ன சொன்னார்கள்? பெர்த்துக்குப் பக்கத்தில், ஸ்கோன் வட்டாரத்தில் வெட்டிய சாதாரண மணற்கல் என்றார்கள்! யாக்கோபு தலைவைக்க ஸ்காட்லாந்து வந்தாரா? ஆயினும் 2023இல் புதிய மன்னனுக்கு முடிசூட்டியபோது அந்தக் கல் இலண்டனுக்குப் பவனி போயிற்று. உண்மை தெரிந்த பிறகும் ஊர்வலம் நிற்பதில்லை.

கோட்டையை விட்டுக் கோயிலுக்கு வருவோம். செயின்ட் ஜைல்சில் நின்று முழங்கியவர் ஜான் நாக்ஸ். போப்பின் பிடியை ஸ்காட்லாந்திலிருந்து அறுத்தெறிந்த சீர்திருத்தவாதி. அவர் கூட்டத்தாருக்குத் தியாகிகளின் பட்டியல் உண்டு. தலைமையானவர் பாட்ரிக் ஹாமில்டன், 24 வயது, லூத்தரின் கருத்தைச் சொன்ன குற்றத்துக்காக 1528இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், கல்லூரி வாயிலில், ஆறு மணி நேரம் எரிக்கப்பட்டவர். அவ்வூர்க் கோட்டையில் அமர்ந்து பேராயர் பீட்டன் 1546இல் மற்றொரு சீர்திருத்தவாதியை எரித்தார். மூன்று மாதத்துக்குள் பீட்டனின் பிணமே அக்கோட்டையில் தொங்கிற்று. கருத்துக்காக உயிரோடு எரிக்கப்பட்டவர்களின் வழிவந்த திருச்சபை, கருத்துரிமையைக் கண்ணாகப் போற்றியிருக்க வேண்டாமா?

ஒரு நன்மையைச் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையற்றவர்களாவோம். ஒவ்வொரு திருச்சபை வட்டத்துக்கும் ஒரு பள்ளி வேண்டுமென்று நாக்சின் கூட்டத்தார் 1560இலேயே திட்டம் தீட்டினார்கள். 1696இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கிற்று: நிலவுடைமையாளர் பள்ளிக் கட்டடமும் ஆசிரியருக்குச் சம்பளமும் தந்தாக வேண்டும். உழவன் மகனும் எழுத்தறிந்தான். அந்தத் திருச்சபைப் பேரவையின் பெயரால்தான் 1837இல் ஜான் ஆண்டர்சன் நம் சென்னையில் பள்ளி தொடங்கினார். சென்னைக் கிறித்துவக் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. நன்றி சொல்வோம், தயக்கமில்லை.

ஆனால் 1696ஆம் ஆண்டு பள்ளிச் சட்டத்தோடு முடியவில்லை!

தாமஸ் அய்க்கன்ஹெட். எடின்பரோ கல்லூரி மாணவன். மருந்து வணிகர் ஒருவரின் மகன். தாய் தந்தை இருவரையும் இழந்தவன். இருபது வயது. நூல்களைப் படித்தான், படித்ததை நண்பர்களோடு பேசினான். பழைய ஏற்பாடு எஸ்ராவின் கட்டுக்கதை என்றான். இறையியல் என்பது பொருந்தாப் புனைவுகளின் மூட்டை என்றான். மோசேயும் ஏசுவும் எகிப்தில் வித்தை கற்றவர்கள் என்றான். 1800ஆம் ஆண்டுக்குள் கிறித்துவம் மறைந்துபோகும் என்று ஆரூடமும் சொன்னான். அது பொய்த்தது, இளமையின் அவசரம்! ஒரு குளிர் இரவில் டிரான் தேவாலயத்தருகே நடந்துபோகையில், எஸ்ரா சொல்லும் அந்த நரகத்துக்குப் போனாலாவது குளிர் காயலாமே என்று கேலி பேசினானாம். கொலையா செய்தான்? கொள்ளையா அடித்தான்? கோயிலைக் கொளுத்தினானா? கேலி பேசினான்!

உடன்படித்த மாணவர்களே சாட்சி சொன்னார்கள். அரசுத் தலைமை வழக்கறிஞரே எதிர்த்து வாதாடினார். அவனுக்காக வாதாட ஒருவரும் இல்லை. கடவுளை நிந்தித்தோரைத் தண்டிக்க 1661இலும் 1695இலும் இயற்றிய சட்டங்களைக் காட்டினார்கள். 1696 டிசம்பர் 24, ஏசு பிறந்த நாளுக்கு முந்திய நாள், சாவுத் தண்டனை! சிறுவன் நடுங்கினான். மன்னிப்புக் கேட்டான், வாலிபத்தின் பிழை என்று விண்ணப்பித்தான். திருச்சபை பரிந்துரைத்தால் பார்ப்போம் என்று கைவிரித்தது அரச ஆலோசனைக் குழு. அப்போது எடின்பரோவிலேயே கூடியிருந்தது திருச்சபையின் பேரவை. ஒரு வாக்கியம் போதும், உயிர் பிழைக்கும். பாதிரிமாரில் ஒருசிலர் தனிப்பட இரங்கினார்கள் என்பர். பேரவையோ, நாத்திகத்துக்கு எதிரான சட்டங்களைக் கடுமையாக நிறைவேற்றுக என்று மன்னனுக்கு எழுதிற்று! "பகைவரையும் நேசியுங்கள்" என்று ஞாயிறுதோறும் ஓதும் வாய்கள்! 1697 சனவரி 8ஆம் நாள், எடின்பரோவுக்கும் லீத் துறைமுகத்துக்கும் இடையே சாலையோரத் தூக்குமேட்டில் அவனைத் தொங்கவிட்டார்கள். பிரிட்டனில் தெய்வநிந்தனைக்காகத் தூக்கிலிடப்பட்ட கடைசி மனிதன் அவன்.

ஊர்தோறும் பள்ளி திறக்கச் சட்டம். படித்தவன் வினவினால் தூக்கு! எழுத்தைக் கற்றுக்கொள், எங்கள் புத்தகத்தைப் படிக்க. எதிர்க் கேள்வி கேட்க அல்ல! இதுதானே அந்தக் கல்வியின் உட்பொருள்? கல்லூரி என்ன செய்தது? தன் மாணவனுக்காக அது வாய் திறந்ததாக வரலாற்றில் நாம் காணவில்லை.

அறுபது ஆண்டு கூடக் கழியாத காலத்தில் அந்தக் கல்லூரியின் வாயிலில் டேவிட் ஹ்யூம் நின்றார். சிறுவனாக அங்கே பயின்றவர். ஐரோப்பாவின் அறிவுலகமே அறிந்துகொள்ளப்போகும் பேரறிஞர். 1745இல் அறவியல் பேராசிரியர் பதவி அவருக்கு மறுக்கப்பட்டது. ஏன்? கடவுளை நம்பாதவர் என்று பாதிரிமார் கூக்குரலிட்டனர்; நகர மன்றம் பணிந்தது. கிளாஸ்கோவும் அவரை ஏற்கவில்லை. இறுதிவரை எந்தப் பல்கலைக்கழகத்திலும் அவருக்கு இருக்கை கிடைக்கவில்லை. சமய உறுதிமொழியில் கையெழுத்திட்டால்தான் பேராசிரியர் ஆகலாம் என்ற விதி, சமயம் சாராத பாடங்களுக்கு நீங்கியதே 1853இல்தான்! ஒரு வேடிக்கை: 1776இல் மறைந்த ஹ்யூமுக்குக் கால்ட்டன் குன்றில் கல்லறை மண்டபம் வகுத்த அதே சிற்பி ராபர்ட் ஆடம்தான், 1789இல் அடிக்கல் நாட்டிய பழங்கல்லூரியையும் வகுத்தவர். ஆடமின் இரு கட்டடங்களில் ஹ்யூமுக்கு இடம் கொடுத்தது கல்லறைதான்.

மதத்தின் பிடி தளர்ந்தபின் கல்லூரி திருந்திற்றா என்று கேட்பீர்கள். 1869இல் சோஃபியா ஜெக்ஸ்-பிளேக்கும் அவரோடு சேர்ந்து எழுவரான பெண்களும் மருத்துவம் பயில நுழைந்தார்கள். 1870 நவம்பர் 18இல் உடற்கூற்றுத் தேர்வு எழுத அறுவை மருத்துவர் மண்டபத்துக்கு வந்தபோது, மாணவர் கூட்டம் வாயிலை அடைத்துச் சேற்றை வாரி அவர்கள்மேல் இறைத்தது. தேர்வுக் கூடத்துக்குள் ஓர் ஆட்டையும் தள்ளிவிட்டார்கள். உள்ளே வந்த ஆடு எவரையும் ஏசவில்லை. வெளியே நின்றவர்கள் ஏசினார்கள். 1873இல் நீதிமன்றமும் பல்கலைக்கழகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. எழுவருக்கும் பட்டம் கிடைத்தது எப்போது? 2019 சூலையில், எழுவரும் மண்ணோடு மண்ணான பின்! குவிமாடத்தின்மீது தீவட்டி ஏந்தி நிற்கும் அந்தப் பொன் இளைஞன் யாருக்கு வெளிச்சம் காட்டினான்?

இனி, நமக்கே கசக்கும் செய்திக்கு வருகிறோம். கசப்பானதால் விழுங்காமல் விடலாமா?

அரச வீதியில், நீதிமன்றத்தின் எதிரே, ஹ்யூமுக்கு வெண்கலச் சிலை இருக்கிறது, 1990களில் எழுந்தது. கிரேக்க ஞானியைப் போல் மேலாடை சரியவிட்டு அமர்ந்திருக்கிறார். சிலை முழுவதும் பச்சைக் களிம்பு. வலக்கால் பெருவிரல் மட்டும் பொன்போல் பளபளக்கிறது! ஏனாம்? அதைத் தடவினால் அறிவு பெருகுமாம். தேர்வில் வெற்றி கிட்டுமாம்! அற்புதங்களை நம்பாதே, சான்றுக்கேற்ற அளவே நம்பு என்று ஆயுள் முழுதும் எழுதிய மனிதரின் கால்விரல், இன்று அற்புதம் செய்யும் விரல்! செயின்ட் ஆண்ட்ரூசிலும் இதே கூத்து: ஹாமில்டன் எரிந்த இடத்தில் அவர் பெயரின் முதலெழுத்துகளைக் கற்களால் பதித்திருக்கிறார்கள், மிதித்தால் தேர்வில் தோல்வி என்று பல்கலைக்கழக மாணவர்கள் சுற்றி நடக்கிறார்கள். கிரேஃபிரையர்ஸ் தோட்டத்தில் சர் ஜார்ஜ் மெக்கன்சியின் கல்லறை. சூனிய வழக்குகளின் சான்றுகள் சொத்தை என்று 1678இலேயே சட்ட நூலில் எழுதியவர் அவர். மத எதிரிகளை ஈவிரக்கமின்றி வேட்டையாடிய கொடுமையும் அவருடையதே, அதை மறைக்கவில்லை. ஆனால் இன்று இரவுதோறும் காசு வாங்கிக்கொண்டு அவரை என்னவென்று காட்டுகிறார்கள்? அறைந்து கீறும் பேய் என்று! சிலை எடுத்தால் சிந்தனை தொடரும் என்று நம்புவோர் அந்தக் கால்விரலை ஒருமுறை பார்த்து வரட்டும். நம் தெருக்களிலும் சிலைகளுக்குக் குறைவில்லை.

இன்னும் கசப்பு இருக்கிறது. 1753இல் ஹ்யூம் தம் கட்டுரை ஒன்றில் சேர்த்த அடிக்குறிப்பில், கறுப்பின மக்கள் இயல்பிலேயே வெள்ளையரினும் தாழ்ந்தவர்கள் என்று தாம் ஐயுறுவதாக எழுதிவைத்தார். சான்றின்றி எதையும் ஏற்காதவர் சான்றின்றி ஓர் இனத்தையே இழித்தார்! அடிமை வணிகர்க்கு அந்தக் குறிப்பு அரிய விருந்தாயிற்று. அதை மறுத்து எழுதியவர் யார்? 1770இல் அபர்டீனின் மாரிஷல் கல்லூரிப் பேராசிரியர் ஜேம்ஸ் பீட்டி. ஹ்யூமின் நாத்திகத்தைக் கடுமையாகத் தாக்கிய பக்தர்! அவர் கேட்டது பகுத்தறிவாளன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: ஈராயிரம் ஆண்டுக்கு முன் பிரிட்டன் மக்களும் காட்டில்தானே திரிந்தார்கள், அவர்களை இயல்பிலேயே தாழ்ந்தவர் என்பாரா? 2020இல் எடின்பரோ பல்கலைக்கழகம் தன் உயரக் கட்டடம் ஒன்றிலிருந்து ஹ்யூமின் பெயரை நீக்கிற்று. 2025இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில், அடிமை வணிகத்தில் திரண்ட செல்வம் தன் கருவூலத்திலும் சேர்ந்ததை அதுவே ஒப்புக்கொண்டது. பெயர்ப்பலகையைக் கழற்றுவது எளிது. பணத்தை என்ன செய்வார்கள் என்று கேட்போர் அங்கேயே இருக்கிறார்கள்.

ஹ்யூம் நம்மவர் என்பதால் நாம் பொறுத்துக்கொள்வதா? முடியாது. பீட்டி பக்தர் என்பதால் அவர் சொன்ன உண்மை பொய்யாகிவிடுமா? ஆகாது. ஹ்யூமின் முறையைக் கொண்டே ஹ்யூமை உரைத்துப் பார்க்கிறோம். பொன் எது, பித்தளை எது என்பது தெரிந்துவிடுகிறது. மதத்தைப் பற்றிய அவர் வாதங்கள் நிற்கின்றன. இனத்தைப் பற்றிய அடிக்குறிப்பு உதிர்ந்துவிடுகிறது.

"அந்தக் காலம் அப்படி! இன்றைய அளவுகோலால் அளக்கலாமா?" என்று சமாதானம் சொல்ல வருவார்கள். எந்தக் காலம் எப்படி ஐயா? பீட்டி ஹ்யூமின் காலத்தவர். சூனிய வழக்குகளைச் சந்தேகித்த மெக்கன்சி, சூனியக்காரிகளை எரித்த காலத்தவர். அய்க்கன்ஹெட்டின் வழக்கு ஆவணங்களைத் திரட்டிவைத்த ஜான் லாக், அய்க்கன்ஹெட் தூக்கிலேறிய நாளில் உயிரோடிருந்தவர்; ஆலோசனைக் குழுவிலும் இரக்கம் காட்ட முயன்றோர் இருந்தனர். இன்றைய அளவுகோல் எதற்கு? அன்றைய அளவுகோலே போதும்; கையில் வைத்திருந்தும் அளக்க மறுத்தார்கள்.

தெய்வநிந்தனை குற்றம் என்ற பழஞ்சட்டம் ஸ்காட்லாந்தில் நீக்கப்பட்டது 2021இல் இயற்றிய சட்டத்தால். அது நடைமுறைக்கு வந்தது 2024 ஏப்ரல் முதல் நாள். அய்க்கன்ஹெட் தொங்கி 327 ஆண்டு!

எடின்பரோ செல்லும் வாய்ப்புப் பெறும் தோழர்கள் கோட்டையைக் காணட்டும். பாறையையும் சேர்த்துக் காணட்டும். பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிகள் அழகானவை, கண்டு மகிழட்டும். பிறகு லீத் துறைமுகம் நோக்கிப் போகும் நெடுஞ்சாலையிலும் சிறிது நடக்கட்டும். தூக்குமேடு இன்று அங்கே இல்லை. அந்த மேடு நல்ல மணல்மேடு. புதுநகரின் மாளிகைகளை எழுப்பியபோது சாந்து குழைக்க அதை வண்டி வண்டியாக அள்ளிப்போய் விற்றுத் தீர்த்தார்கள் என்று ஊர் வரலாறு கூறுகிறது. எந்த மாளிகையின் எந்தச் சுவரில் அந்த மணல் இருக்கிறதென்று வழிகாட்டியிடம் கேட்டுப் பார்க்கட்டும்.